ஒற்று மிகா இடம்

பாரியாவின் காது அவளிடம் வந்தது
மூடி போட்ட குப்பியில், ஃபார்மலினில்,
கடுகைவிடப் பெரிது, துவரையைவிடச் சிறிது.
இடது காது, மேல்மடல். வயது ஐம்பத்தெட்டு.
தொழில்: சென்டோயா நண்டு பிடிப்பது.
வலது காதை எஞ்சின் எப்போதோ தின்றுவிட்டது என்று எழுதப்
படிவத்தில் இடமில்லை.
யாஸ்னாவுக்குத் தெரியும்.
புன்டா அரேனாஸ் படகுத்துறையில் யாருக்கும் தெரியும்.
வயர்லெஸ் கரகரத்தால் கம்பளித் தொப்பியை
இடப்பக்கம் மட்டும் ஏற்றிவிட்டுக்கொள்வார்.
முப்பது அக்டோபர்களாக அந்த ஒரு விரற்கடை
வெயிலுக்குப் பழக்கம்.

மேலே ஓசோன் நைந்துபோகும் மாதம் அது.
பல் கிட்டும் குளிரில்
வெயில் சுடும் என்றால் யார் நம்புவார்?

மெழுகில் ஊற்றி, சீவி, நீலமும் ரோஜாவும் ஏற்றி
அவள் பார்ப்பது முடிவை:
வேலிபோல் ஓரம் கட்டிய கருநீலத் திட்டுகள்.
தொடக்கம் கண்ணாடிக்கு எட்டாது.
நான் சொல்கிறேன்.

அடினின், குவானின், சைட்டோசின், தைமின்.
தலையெழுத்து மட்டும் எடுத்தால்
அ, கு, சை, த.
ஒரு வரியில் ஒரு த, பக்கத்திலேயே இன்னொரு த,
அண்டை வீடு, ஆனால் தனித்தனி வாசல்.
ஒரு கீற்று விழுந்தது.
த்த.
அவ்வளவுதான்.
ஒற்று மிகா இடத்தில் மிகுந்துவிட்டது.

இலக்கணக்காரர்கள் உள்ளே இருக்கிறார்கள்.
வரியைத் தடவிக்கொண்டே போவார் ஒருவர்,
எழுத்தைப் படிக்கமாட்டார்,
கோணலை விரல் காட்டிக்கொடுக்கும்.
உடனே ஆள் சேரும்.
இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு,
இரண்டெழுத்துக் குற்றத்துக்கு
முப்பதெழுத்தைத் தூக்கி எறிவார்கள்.
கஞ்சத்தனமே கிடையாது.
எதிர்வரிதான் பத்திரமாக இருக்கிறதே,
அதைப் பார்த்து இட்டு நிரப்பி நுனியை ஒட்டிவிட்டால்
வெயில் வந்து போனதற்குச் சாட்சி இல்லை.

செல் இரண்டாகும் வேளை மட்டும் வேறு.
அப்போது வருபவர் நகலெடுப்பவர்,
கோடிக்கு ஒன்று தவறினாலே கூசுகிறவர்,
எழுதியதைத் திரும்பிப் படிக்கிறவர்.
த்த-வில் வந்து நின்றுவிட்டார்.
இது என் பாடத்தில் இல்லை.
நின்றால் வரி அறும்,
வரி அறுந்தால் செல் போச்சு.

அவர் பற்றியிருக்கும் வளையத்தில்
யாரோ ஒரு சீட்டு ஒட்டுகிறார்கள்.
அவர் விலக, வேறொருவர் உட்காருகிறார்.
அகலக் கை, தளர்ந்த பிடி,
கண்ணாடி போடாத குமாஸ்தா,
எழுதியதைத் திரும்பிப் பார்த்ததே இல்லை.
ஒட்டிய இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வாங்கி
எதிரே எழுதுகிறார்:
அ. அ.
சரிதான்.
பெரும்பாலும் சரிதான்.
இன்னும் நாலெழுத்து, அதோடு எழுப்பிவிடுகிறார்கள்,
அதற்குமேல் அவரை நம்ப முடியாது.
காயம் கிடந்த இடத்தில் கிடக்கிறது.
வரி தாண்டிவிட்டது.

எங்கோ ஒரு நாள்
சை சை இருந்த இடத்தில்
த த என்று படிந்துவிடுகிறது.
பிறகு வருகிறவர்கள் எல்லாம் துல்லியமானவர்கள்.
பிழையைத் துல்லியமாக நகலெடுப்பார்கள்.

ஆய்வகத்தில் விதி இருக்கிறது:
தவறியதை அழிக்கக் கூடாது,
ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும்.
யாஸ்னா குசனோவிச் அன்று எதையும் அடிக்கவில்லை.
விளிம்புகள் சுத்தம், என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

சனிக்கிழமை நண்டு வாங்கப் போனாள்.
கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து பாரியா
உப்புநீர் புகுந்த கணக்கேட்டைப்
புதுப் பக்கத்தில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார்.
மை கரைந்து ஒன்றான இரண்டு இலக்கங்களின் முன்
பென்சில் கொஞ்சம் நின்றது.
பதினேழு, என்று போட்டார்.
"எப்படித் தெரியும்?"
"நாலு மணிக்குப் படகு கிளம்பணும்."

காதில் பிளாஸ்திரி.
தொப்பி அதற்குமேல் இறங்கியிருந்தது, டாக்டர் சொன்னாராம்.
நகராட்சிக் கம்பத்தில் விளக்கு
சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறியது.

படகுக்குள் வயர்லெஸ் கரகரத்தது.
கை தானாகப் போயிற்று
தொப்பிக்கு.